மண்ணுக்கு உறுதி தரும் சாம்பல்: தீவுகள் போட வேண்டிய கணக்கு

சென்னைத் துறைமுகத்தில் ஏற்றப்படும் ஒரு சிமெண்ட் மூட்டை, ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல் கடந்து போர்ட் பிளேரில் இறங்குகிறது. 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் நகரம் அது. அந்த மூட்டை கார் நிக்கோபாருக்கோ, கச்சால் தீவுக்கோ, பெரிய நிக்கோபாரின் கேம்பல் பேக்கோ செல்ல வேண்டுமானால் இன்னொரு கப்பல் ஏற வேண்டும். மீண்டும் ஓர் ஏற்றுக்கூலி, மீண்டும் ஓர் இறக்குக்கூலி. வீடு கட்டும் தீவுவாசி தன் கையில் வாங்கும்போது, அந்த மூட்டையின் விலையில் ஒரு பங்கு கடலுக்குக் கொடுக்கப்பட்டதாகவே இருக்கும்.

அந்த மூட்டையைச் சற்று உற்று நோக்கினால் ஒரு செய்தி புலப்படும. 'போர்ட்லாண்ட் பொசலோனா சிமெண்ட்' என்ற பெயருக்கு அருகில் 'ஃபிளை ஆஷ் அடிப்படையிலானது' என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். ஃபிளை ஆஷ் என்பது அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் பிரித்தெடுக்கப்படும் உலர் சாம்பல். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1489, இவ்வகை சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை உலர் சாம்பலைச் சேர்க்க இடமளிக்கிறது. ஆக, நிலக்கரி மின்நிலையம் ஒன்றுகூட இல்லாத அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு, பெருநிலத்தின் சாம்பல் பல ஆண்டுகளாகவே சிமெண்ட் மூட்டைக்குள் பயணம் செய்து வந்துகொண்டிருக்கிறது.

சாம்பலை மண்ணோடு கலந்து, சாலைக்கும் கரைக்கும் கட்டடக் கல்லுக்கும் ஏற்ற உறுதியான பொருளாக மாற்றும் முறை உலகின் வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் ஆராயப்பட்டும் கையாளப்பட்டும் வருகிறது. கல்லும் மணலும் அருமையாகிவிட்ட தீவுகளுக்கு இம்முறை எவ்வளவு தூரம் உதவும்? எங்கே உதவாது? இதைச் சிறிது கணக்கோடு சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் மணலும் அருமையான இடம்

8,249 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவுக்கூட்டத்தில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் காடு. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் சுமார் 3.81 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட வரலாறும் இதில் அடங்கும்.

சாலை அமைக்க ஜல்லி வேண்டும். ஜல்லிக்குக் குன்றை உடைக்க வேண்டும். பூச்சு வேலைக்கு மணல் வேண்டும். மணலுக்குக் கடற்கரையைத் தோண்ட வேண்டும். இத்தீவுகளில் பெரிய ஆறுகள் இல்லாமையால், ஆற்று மணல் என்னும் வசதி பெயரளவுக்கே உண்டு. கடற்கரை மணலோ ஆமைகள் முட்டையிடும் இடம். அலையின் வேகத்தைத் தாங்கிக் கரையைக் காப்பதும் அதுவே. இதையெல்லாம் கருத்திற்கொண்டு 2002-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. மணல் எடுப்பதை ஆண்டுக்குக் குறைந்தது 20 சதவீதம் வீதம் குறைத்து, ஐந்து ஆண்டுகளுக்குள் அன்றைய அளவில் 33 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம்.

அதன்பின் இரண்டரை ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை வந்தது. நிலநடுக்கத்தால் வடக்கு அந்தமானின் சில கரைகள் உயர்ந்தன. நிக்கோபார் தீவுகள் தாழ்ந்தன. நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்ததால், கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் சென்றது. வீடிழந்தவர்களுக்காக ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரக் குடியிருப்புகள் கட்டப்பட வேண்டியிருந்தது. கட்டுமானப் பொருள்களின் தேவை பெருகிய அதே காலத்தில், அவற்றைத் தீவுக்குள் எடுப்பதற்கான வழி சுருங்கியிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் கொண்டுவருவது ஒரு வழி. காலடியில் கிடக்கும் மண்ணையே தகுதியுள்ளதாக்குவது மற்றொரு வழி. இரண்டாவது வழியில்தான் சாம்பல் நுழைகிறது.

மழையில் தோற்கும் மண்

தீவுகளின் மண் ஒரே வகையினது அன்று. மலைச்சரிவுகளில், மழையால் கழுவப்பட்டு அமிலத்தன்மை அடைந்த சிவப்பு, பழுப்புக் களிமண் காணப்படுகிறது. பள்ளத்தாக்குகளில் கனத்த களிமண்ணும், தாழ்ந்த கடற்கரைகளிலும் கார் நிக்கோபார் போன்ற தட்டையான தீவுகளிலும் பவழ மணலும் உண்டு. அலையாத்திக் காடுகளை ஒட்டி, கந்தக அமிலமும் மட்கிய பொருளும் மிகுந்த சதுப்பு மண் கிடக்கிறது.

வெயில் காலத்தில் களிமண் செங்கல்போல் இறுகி நிற்கும். ஆனால் இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே மே முதல் டிசம்பர் வரை நிலம் காய்வதற்கு நேரம் கிடைப்பதில்லை. நீர் புகுந்த களிமண் குழைந்து, மேலே செல்லும் வாகனத்தின் எடையைத் தாங்காமல் பிதுங்குகிறது. மேலே போட்ட தார் எவ்வளவு நல்லதாயினும், கீழேயுள்ள மண் தளர்ந்தால் சாலை பிளக்கும்.

இதனால்தான் பொறியாளர்கள் மண்ணை உலர்ந்த நிலையில் மட்டும் மதிப்பிடுவதில்லை. 'கலிபோர்னியா தாங்குதிறன் விகிதம்' எனப்படும் சி.பி.ஆர். சோதனையில், இறுக்கப்பட்ட மண் நான்கு நாள்கள் நீரில் ஊறவைக்கப்படுகிறது. பின்னர் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைத் தண்டு அதனுள் மெதுவாக அழுத்தப்படுகிறது. தண்டு 2.5 மில்லிமீட்டர் இறங்குவதற்குத் தரமான ஜல்லியில் 1,370 கிலோகிராம் எடை தேவை. நமது மண்ணில் அதில் எத்தனை சதவீதம் தேவைப்பட்டது என்பதே அம்மண்ணின் சி.பி.ஆர். மதிப்பு. ஊறிய களிமண்ணில் அது 2 அல்லது 3 என்ற அளவுக்கு இறங்கிவிடுவது சாதாரணம். மதிப்பு குறையக் குறைய மேலே போட வேண்டிய ஜல்லியின் கனம் கூடும். குன்றில் வெட்ட வேண்டிய கல்லும் கூடும்.

சாம்பலும் சுண்ணாம்பும் செய்யும் வேலை

செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் சேர்த்து அரைத்த சாந்தால் நம் முன்னோர் மாளிகைகளும் குளப்படிகளும் கட்டினார்கள். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும், நீரின் துணையோடு சுண்ணாம்புடன் இணைந்து கல்போல் இறுகும் என்பதே அச்சாந்தின் அடிப்படை. ரோமானியர்கள் இதே பயனை எரிமலைச் சாம்பலிலிருந்து பெற்றனர். இத்தாலியில் பொசுவோலி என்னும் ஊரின் சாம்பல் பெயர்பெற்றிருந்தமையால், இவ்வகைப் பொருள்களுக்குப் 'பொசலோனா' என்ற பெயர் நிலைத்தது. சிமெண்ட் மூட்டையின் மீதுள்ள சொல் அந்த ஊரிலிருந்து வந்ததுதான்.

இந்தியாவில் உயிர்ப்புடன் உள்ள ஒரே எரிமலை அந்தமான் கடலில்தான் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரன் தீவு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கியிருந்து, 1991-இல் மீண்டும் வெடித்தது. பொசலோனா இயற்கையிலேயே உருவாகும் இடம் தீவுகளின் எல்லைக்குள் இருந்தும், அது காக்கப்பட்ட சரணாலயம். அங்கே கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. எனவே, மனிதன் மூட்டிய உலையில் பிறந்த சாம்பலைத்தான் நாம் நாட வேண்டும்.

மண்ணுடன் சுண்ணாம்பும் சாம்பலும் கலக்கும்போது இரண்டு கட்டங்களில் மாற்றம் நிகழ்கிறது. முதற்கட்டம் சில மணி நேரங்களிலேயே முடிந்துவிடும். சுண்ணாம்பிலுள்ள கால்சியம், களிமண்ணின் மெல்லிய தகடுகளைத் திரளச் செய்கிறது. குழைந்து ஒட்டும் மண், பொலபொலப்பாகிக் கையாள எளிதாகிறது. இரண்டாம் கட்டம் மெதுவானது. சாம்பலிலும் களிமண்ணிலும் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் வினைபுரிந்து, சிமெண்டில் உருவாவது போன்ற பசைப்பொருளை உண்டாக்குகின்றன. இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடரும். வெப்பம் மிகுந்தால் வினை விரைவாகும் என்பதால், குளிர்நாடுகளைவிட வெப்பமண்டலத்துக்கு இம்முறை இயல்பாகவே பொருந்துகிறது.

பெருநிலத்தின் அனுபவம்

நம் நாட்டின் அனல்மின் நிலையங்கள் 2021-22-ஆம் ஆண்டில் வெளியேற்றிய சாம்பல் சுமார் 27 கோடி டன். அதில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏதோ ஒரு வகையில் பயன்படுத்தப்பட்டதாக மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு கூறுகிறது. சிமெண்ட், செங்கல், சாலைக் கரை, சுரங்கக் குழிகளை நிரப்புதல் எனப் பயன்கள் பல. 1999-இல் தொடங்கிய அரசு அறிவிக்கைகளின் வரிசையில், 2021 டிசம்பர் 31 அன்று வெளியான அறிவிக்கை, அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டர் தொலைவுக்குள் நடைபெறும் சாலை, கரைப் பணிகளில் சாம்பலைப் பயன்படுத்துவதைக் கட்டாயமாக்கியது.

டெல்லியில் இரண்டாவது நிஜாமுதீன் பாலத்தின் அணுகுசாலை இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பணியாகும். 1.8 கிலோமீட்டர் நீளமும் 6 முதல் 9 மீட்டர் உயரமும் கொண்ட அக்கரை, சுமார் 1.5 லட்சம் கன மீட்டர் சாம்பலைக் கொண்டு 1990-களின் இறுதியில் எழுப்பப்பட்டது. யமுனையின் வெள்ளச் சமவெளியில் நிற்கும் கரை அது. இத்தகைய அனுபவங்களின் அடிப்படையில் இந்தியச் சாலைப் பேரவை 2001-இல் சாம்பல் கரைகளுக்கான தனி வழிகாட்டு நூலை வெளியிட்டது.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல என்பதற்குத் தமிழ்நாடே சான்று. எண்ணூர், தூத்துக்குடி போன்ற இடங்களில் எரிக்கப்படும் நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அது இறுக வேண்டுமானால் சுண்ணாம்பையோ சிமெண்டையோ துணைக்குச் சேர்க்க வேண்டும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலிலோ சுண்ணாம்பு இயல்பாகவே மிகுதி; நீர்பட்டால் ஓரளவு தானே இறுகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மண் ஆய்வாளர்கள் நெய்வேலிச் சாம்பலையும் ராய்ச்சூர்ச் சாம்பலையும் அருகருகே வைத்து ஆராய்ந்தது இந்த வேறுபாட்டை அறிவதற்காகவே.

நெய்வேலி நிறுவனம் அந்தமானுக்கும் வந்திருக்கிறது. ஆனால் சாம்பலோடு அன்று, சூரிய ஒளியோடு. டீசல் எந்திரங்களையே பெரிதும் நம்பியுள்ள தீவுகளின் மின்தேவைக்காக அந்நிறுவனம் போர்ட் பிளேரில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை அமைத்தது. தீவுகளுக்கு அது நன்மையே. ஆயினும், பெருநிலத்தில் 300 கிலோமீட்டருக்குள் கிடைக்கும் சாம்பல், தீவுகளுக்கு 1,190 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால்தான் கிடைக்கும் என்ற நிலை மாறவில்லை.

ஒரு கிலோமீட்டர் சாலைக்கான கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். 3.75 மீட்டர் அகலமுள்ள ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்படுவதாகக் கொள்வோம். அதில் 150 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் அடுக்கின் கன அளவு 562 கன மீட்டர் சொச்சம்.

அந்த அடுக்கை முழுதும் ஜல்லியால் அமைத்தால், ஒரு கன மீட்டருக்கு 2.2 டன் என்ற கணக்கில் ஏறத்தாழ 1,240 டன் கல் தேவை. அதைத் தீவின் குன்றிலிருந்து எடுக்க வேண்டும். அல்லது கப்பலில் கொண்டுவர வேண்டும்.

அதே அடுக்கை அங்கேயே உள்ள மண்ணால் அமைத்தால், ஒரு கன மீட்டருக்கு 1.7 டன் வீதம் மொத்தக் கலவையின் எடை சுமார் 956 டன். இதில் 15 சதவீதம் சாம்பலும் 4 சதவீதம் சுண்ணாம்பும் சேர்ப்பதாகக் கொண்டால், வெளியிலிருந்து வர வேண்டியவை 143 டன் சாம்பலும் 38 டன் சுண்ணாம்பும். மொத்தம் 181 டன். மீதி முழுவதும் தீவின் மண். கல்லோடு ஒப்பிட்டால் சுமை ஏழில் ஒரு பங்குக்கும் சற்றே மிகுதி.

இத்துடன் நிறுத்தினால் சாம்பலின் வெற்றி உறுதி என்று தோன்றும். மூன்றாவது வழியையும் பார்ப்பதே நேர்மையான கணக்கு. அதே மண்ணில் சாம்பலே இல்லாமல் 5 சதவீதம் சிமெண்ட் கலந்தால் தேவைப்படுவது 48 டன் மட்டுமே. மண் ஏற்ற களிமண்ணாக இருந்து 5 சதவீதம் சுண்ணாம்பு மட்டும் போதுமானால் அதுவும் 48 டன்தான். நெய்வேலிக்கு அருகில் சாலை போடுபவருக்குச் சாம்பல் ஏறத்தாழ இலவசம். லாரி வாடகை மட்டுமே செலவு. ஆகவே அங்கே 143 டன் சாம்பல் இலாபமே. கேம்பல் பேயில் சாலை போடுபவருக்கோ, ஒவ்வொரு டன்னுக்கும் இருமுறை கப்பல் கட்டணம் உண்டு. இலவசமாகக் கிடைத்த பொருள், தீவில் இறங்கும்போது விலையுயர்ந்த பொருளாகிவிடுகிறது.

இந்த எண்கள் விளக்கத்துக்காகப் போடப்பட்டவை. ஒவ்வோர் இடத்தின் மண்ணுக்கும் அளவு மாறும். ஆனால் அவை காட்டும் உண்மை மாறாது. தீவுகளுக்கு முதன்மையான இலாபம் சாம்பலில் இல்லை. காலடி மண்ணை விலக்காமல் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. 1,240 டன் கல்லை 181 டன்னாகக் குறைப்பதும் அந்த முறைதான், 48 டன்னாகக் குறைப்பதும் அந்த முறைதான். எந்தப் பொருளைச் சேர்ப்பது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

எந்த மண்ணுக்கு எது

அந்த அடுத்த கேள்விக்கு மண்ணே விடை கூறும். குழையும் தன்மை மிகுந்த களிமண்ணில் பொசலோனா வினைக்கு வேண்டிய சிலிக்காவும் அலுமினாவும் ஏற்கெனவே உள்ளன. அதற்குச் சுண்ணாம்பு மட்டுமே போதுமானதாக இருக்கலாம். பவழ மணலில் களிமண் இல்லை. சுண்ணாம்பை மட்டும் சேர்த்தால் வினைபுரிய எதுவும் கிடைக்காது. அங்கேதான் சாம்பலுக்கு உண்மையான வேலை உண்டு: அது மணலின் இடைவெளிகளையும் நிரப்பும், சுண்ணாம்போடு வினையும் புரியும். சாம்பலையும் பிணைப்புப் பொருளையும் ஒரே மூட்டையில் தரும் பொசலோனா சிமெண்ட் இத்தகைய மண்ணுக்கு எளிய வழி.

சதுப்பு ஓரத்து மண் எச்சரிக்கைக்குரியது. அமிலமும் மட்கிய பொருளும் சுண்ணாம்பை விழுங்கிவிடும். வழக்கமான அளவைச் சேர்த்துவிட்டு மண் இறுகும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். அத்தகைய இடங்களில் அம்மண்ணை நீக்குவதோ, சாலையின் தடத்தை மாற்றுவதோ உத்தமம்.

தீவுக்குள்ளேயே கிடைக்கும் சாம்பல்

தென்னையும் கமுகும் செழித்த தீவுகளில் உள்ளூர்ச் சாம்பலைப் பயன்படுத்தலாகாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. நைஜீரியா, மலேசியா போன்ற நாடுகளில் நெல் உமி, கரும்புச் சக்கை, எண்ணெய்ப்பனைக் கழிவு ஆகியவற்றின் சாம்பலைச் செம்மண்ணோடு கலந்து பல ஆய்வுகள் நடந்துள்ளன. நெல் உமிச் சாம்பல் இவற்றில் சிறந்தது. மிகையாகச் சூடேறாமல் எரிக்கப்பட்டால் அதில் 85 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கும்.

ஆனால் அளவு ஒரு தடை. விறகு எரிந்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதமே சாம்பலாக மிஞ்சும். முன்பு கூறிய ஒரு கிலோமீட்டர் சாலைக்கான 143 டன் சாம்பலைப் பெற 14,000 டன் விறகு எரிய வேண்டும். சாலைக்காகக் காட்டை எரிப்பதைவிடக் குன்றை உடைப்பதே மேல் என்றாகிவிடும். நெல் உமியில் சாம்பல் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும் என்றாலும், தீவுகளின் நெற்பரப்பு சிறியது. ஆழிப்பேரலைக்குப் பின் சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்ததால் அதுவும் குறைந்தது.

எனவே உள்ளூர்ச் சாம்பலுக்குரிய இடம் சிறு பணிகளே. கொப்பரை உலர்த்தும் அடுப்புகளிலும், உணவகங்களிலும் சேரும் சாம்பலைச் சலித்து, தோட்டத்து நடைபாதைக்கும், களஞ்சியத் தரைக்கும், மண்கற்களுக்கும் சோதித்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். இறுக்கி அழுத்திய மண்கல் என்பது புதுவைக்கு அருகிலுள்ள ஆரோவில் மண் கட்டடக் கழகம் 1989 முதல் வளர்த்துவரும் கலை. சூளையில் சுடாமல், சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்தப்படும் கற்கள் அவை. ஐ.எஸ். 1725 என்ற தர நிர்ணயம் அவற்றுக்கு உண்டு. செங்கலும் விறகும் அருமையான தீவில், ஒரு சிறு எந்திரமும் நான்கு தொழிலாளர்களும் கொண்ட இத்தொழில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மூன்று காவல்கள்

சாம்பலைப் பயன்படுத்துமிடத்து மூன்று வகையில் எச்சரிக்கை வேண்டும்.

முதலாவது நீர். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், செலினியம், போரான், குரோமியம் போன்றவை சிறு அளவில் இருக்கக்கூடும். மழைநீர் அவற்றைக் கரைத்துக் கிணற்றுக்கோ பவழப் பாறைகளுக்கோ கொண்டுசெல்ல இடமளிக்கலாகாது. சாம்பலைத் திறந்த வெளியில் குவித்து வைப்பது தவறு. கரையாகப் போட்டால் பக்கங்களும் மேற்புறமும் நல்ல மண்ணால் மூடப்பட வேண்டும். அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே அமைய வேண்டும். சுண்ணாம்போடோ சிமெண்டோடோ பிணைக்கப்பட்ட சாம்பலிலிருந்து கசிவு குறைவு. பயன்படுத்தும் சாம்பலின் கசிவுச் சோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறுவது அவசியம்.

இரண்டாவது நிலநடுக்கம். தீவுகள் முழுவதும் மிக உயர்ந்த அபாயமுள்ள ஐந்தாம் மண்டலத்தில் அடங்கியவை. பிணைப்பின்றித் தளர்வாகக் கொட்டப்பட்ட சாம்பல், நீரில் ஊறிய நிலையில் அதிர்ந்தால் கூழாகி ஓடிவிடும். எனவே தாழ்நிலத்தை மேடாக்க வெறும் சாம்பலைக் கொட்டும் பழக்கம் இங்கே ஆபத்தானது. அடுக்கடுக்காக இறுக்குவதும், நீர் வடிய வழி செய்வதும், சுண்ணாம்பால் பிணைப்பதும் உயிர் காக்கும் செயல்கள்.

மூன்றாவது காலம். சாம்பல், சுண்ணாம்புக் கலவை மெதுவாக இறுகுவது. தீவுகளில் வறண்ட காலம் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். ஏப்ரல் இறுதியில் போடப்பட்ட அடுக்கு, முழு வலிமை பெறுமுன் மே மாத மழையைச் சந்திக்கும். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ போட்டால் இறுகுவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் கிடைக்கும். அதற்குப் பொருள்கள் டிசம்பரிலேயே தீவில் இறங்கியிருக்க வேண்டும். அதாவது கப்பலில் இடம் அதற்கும் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வென்ற கலவை களத்தில் தோற்பதற்கு மழை முந்திக்கொள்வது ஒரு முக்கியக் காரணம்.

வாடிக்கையாளர்கள் கருத வேண்டியவை

தீவுகளில் ஒப்பந்தப் பணி செய்வோர், தங்கும் விடுதி கட்டுவோர், தோட்டத்துக்குப் பாதை அமைப்போர் ஆகிய வாடிக்கையாளர்கள் திட்ட மதிப்பீடு தயாரிக்கும்போது சிலவற்றைக் கருத்திற்கொள்ளலாம்.

மண் பரிசோதனையே முதற்செலவாக இருக்கட்டும். மண்ணின் குழைவுத்தன்மை, அமிலத்தன்மை, நான்கு நாள் ஊறிய சி.பி.ஆர். ஆகிய மூன்றும் தெரிந்தால், எதைச் சேர்ப்பது என்ற முடிவில் பாதி தெளிவாகிவிடும். அந்தச் சிறு தொகையைச் சேமிக்க நினைப்போர், பிறகு ஜல்லியிலும் பழுதுபார்ப்பிலும் பன்மடங்கு இழக்கக்கூடும்.

விலையை ஒப்பிடும்போது பெருநிலத்து விலையை ஒப்பிடாமல், பணியிடத்தில் இறங்கிய விலையை ஒப்பிட வேண்டும். ஒரு டன்னின் விலையைவிட, ஒரு சதுர மீட்டர் சாலைக்கு ஆகும் விலையே சரியான அளவுகோல்.

நடைமுறை மூலதனத்துக்குக் கடன் பெற நினைப்போர், பருவத்தை நோக்கித் திட்டமிட வேண்டும். மழை முடியும்முன் பொருள் வாங்கினால் அது கிடங்கில் காத்திருக்கும்; வட்டி ஓடும்; ஈரக்காற்றில் சிமெண்டும் சுண்ணாம்பும் கெடும். தாமதித்து வாங்கினாலோ வேலை நாள்கள் கைநழுவும். கப்பல் அட்டவணை, கிடங்கு, வேலைத் தொடக்கம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, அதையும் மதிப்பீட்டோடு கொண்டுவரும் வாடிக்கையாளருக்கும் வங்கி அலுவலருக்கும் உரையாடல் எளிதாகும்.

சாம்பல் கழிவுதான் என்று ஒதுக்குவது ஒரு பிழை. எங்கும் செல்வம்தான் என்று கொண்டாடுவது மற்றொரு பிழை. அது பிறந்த இடத்துக்கு அருகில் அரிய செல்வம். தொலைவு கூடக்கூட அதன் மதிப்பு தேய்கிறது. தீவுகளின் நிலையான முதல் காலடியிலுள்ள மண். வெளியிலிருந்து வாங்கும் சாம்பலும் சுண்ணாம்பும் சிமெண்டும் அம்முதலைப் பெருக்குவதற்கான சிறு துணைகள். துணையை அளந்து வாங்கி, முதலை வீணாக்காமல் காத்தால், கச்சாலின் ஒரு சிற்றூருக்குச் செல்லும் பாதை அடுத்த மழையையும் தாங்கி நிற்கும். அதற்காக ஒரு குன்று உடைபடாமலும், ஒரு கடற்கரை தோண்டப்படாமலும் இருக்கும்.